கருப்பசாமி வாங்கிய மரப்பிடித் துப்பாக்கி

ஊர் எல்லையில் அரிவாளோடு நிற்கும் சாமியின் பெயரை வைத்தால் பிள்ளை பயமறியாமல் வளரும் என்று சாத்தூரில் ஒரு தகப்பன் நம்பினார். பிள்ளையோ பட்டாசு காயவைக்கும் தெருவிலேயே பிறந்தும், கம்பி மத்தாப்பைக்கூட ஜன்னல் கம்பிக்கு வெளியே நீட்டித்தான் பிடித்தான். அந்தக் கருப்பசாமிக்கு இப்போது ஐம்பது வயது. டெக்சாஸில் பேர்லேண்டில் வீடு, ஹூஸ்டனில் வேலை. மற்றவர்கள் எழுதும் மென்பொருள் எங்கே உடையும் என்று தேடிக் கண்டுபிடிக்கிற உத்தியோகம். பயத்துக்குச் சம்பளம் கொடுக்கிற வேலை உலகத்தில் அது ஒன்றுதான் என்று அவரே சொல்லுவார்.

அவர் மனைவி வான்மதிக்குப் பயம் என்கிற பாகத்தை வைக்காமலே அனுப்பிவிட்டார்கள். ஊருக்கு மேற்கே கொஞ்சம் நிலம் வாங்கி, வெண்டையும் முருங்கையும் சோளமும் போட்டு, பேர்லேண்ட் மீனாட்சி கோயில் கேண்டீனுக்கே காய் கொடுக்கிற அளவுக்கு வளர்த்தாள். எல்லாம் காட்டுப்பன்றி வரும்வரை.

ஒரு நாள் சாயங்காலம் வெண்டைக்காய் பறித்துக்கொண்டிருந்தவளை ஒரு பன்றி துரத்தியது. அவள் காரின் கூரைமேல் ஏறி நின்றுகொண்டுதான் கணவனுக்கு போன் செய்தாள். பன்றியின் உயரம் அன்று முழங்கால் வரை இருந்தது. மறுநாள் இடுப்பு வரை வளர்ந்தது. மீனாட்சி கோயிலில் சொல்லும்போது கிட்டத்தட்ட ஒரு கொரோலா கார் அளவுக்கு வந்துவிட்டது. கார் கதவில் பன்றியின் பல் போட்ட கீறல் மட்டும் வளரவில்லை. அது முதல் நாளே ஒரு முழ நீளம். கருப்பசாமி அந்தக் கீறலில் விரலை வைத்துப் பார்த்தார். கதவுக்குப் பதில் அவள் தொடையாக இருந்திருந்தால்? அந்த நினைப்பு அன்றிலிருந்து அவர் தொண்டையில் மீன்முள் மாதிரி நின்றது.

"இனிமே அங்க போகாத வான்மதி."

"பன்னிக்குப் பயந்து வெண்டைக்காய விட்டுட்டு வரச் சொல்றீங்களா? நான் போவேன். வேணும்னா நீங்க காவலுக்கு வாங்க. பேரு மட்டும் கருப்பசாமி!"

பக்கத்து நிலத்துக்காரர் டேல், பன்றிகள் கூட்டமாக வரும், ஒவ்வொரு குண்டுக்கும் துப்பாக்கியின் தாழைக் கையால் இழுத்துக்கொண்டிருக்க நேரம் இருக்காது, ஒரு செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள் வாங்கு என்றார். விசையை ஒரு தடவை அழுத்தினால் ஒரு குண்டு. அடுத்த குண்டு தானே ஏறி நிற்கும். "தானே" என்ற சொல்லே கருப்பசாமிக்குப் பிடிக்கவில்லை. தானே நடக்கும் எதையும் அவர் வாழ்க்கையில் நம்பியதில்லை.

கடையில் தாடிக்காரர் ஒருவர் இரண்டை எடுத்து மேஜையில் வைத்தார். ஒன்று முழுக்கக் கறுப்பு. எடை குறைவு, தோளில் பதியும் கட்டையை நீட்டலாம், குறுக்கலாம், மேலே விளக்கு மாட்டலாம். இன்னொன்று பழைய வேட்டைத் துப்பாக்கியின் வடிவம், வால்நட் மரப்பிடி. கறுப்பைத் தொட்டதும் கருப்பசாமி கையை இழுத்துக்கொண்டார். டிவி செய்தியில் பள்ளிக்கூடப் படத்துக்குப் பக்கத்தில் வருகிற அதே உருவம். அவர் மகள் தீக்ஷா பதினோராம் வகுப்பு. யாராவது துப்பாக்கியோடு நுழைந்தால் ஒளிந்துகொள்வதற்கான லாக்டவுன் பயிற்சி பள்ளிக்கூடத்தில் நடக்கிற நாளில் விளக்கை அணைத்துவிட்டு மேஜைக்கடியில் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்துவிட்டு வீட்டுக்கு வந்து சோறு வேண்டாம் என்பாள். அந்த உருவத்தை அவள் இருக்கும் வீட்டுக்குள் எப்படிக் கொண்டுபோவது? ஆனால் மரப்பிடி கனம். அவசரத்தில் தூக்க முடியாமல் போனால் வான்மதியின் கதி?

முடிவு செய்ய முடியாமல் வெறுங்கையோடு திரும்பினார். அடுத்து வந்த சனிக்கிழமைகளிலும் அப்படியேதான். வான்மதியோ ஒவ்வொரு சாயங்காலமும் நிலத்துக்குப் போய்க்கொண்டே இருந்தாள்.

கோயில் கேண்டீனில் ஒரு நாள் பொங்கல் தட்டை வைத்துக்கொண்டு வான்மதியிடம் புலம்பினார். "எதுல சுடுறதுன்னே தெரியல வான்மதி. கறுப்புதான் லேசா இருக்கு. ஆனா மரப்பிடிதான் மனசுக்குப் பிடிச்சிருக்கு."

எதிரே உட்கார்ந்திருந்த மீனாக்ஷி ஆன்ட்டி தலையை நீட்டினார். "இதுல என்னப்பா யோசனை? நன்னா சுடணும்னா கறுப்புதான். ஆனா மரப்பிடின்னா கை சுடாது. கண்ண மூடிண்டு அதையே வாங்கு."

"நெஜமாவா ஆன்ட்டி?"

"நாப்பது வருஷமா சுடறேன், எனக்குத் தெரியாதா? மொதல்ல வெங்காயத்தப் பாதியா வெட்டி நன்னாத் தேச்சுப் பழக்கு. அப்பறம் ஒட்டவே ஒட்டாது."

வெங்காயத்தில்தான் கருப்பசாமிக்கு உறைத்தது, ஆன்ட்டி சொல்வது தோசைக்கல்லை. வான்மதி சிரிப்பை அடக்க முடியாமல் தண்ணீர் எடுக்கிற சாக்கில் எழுந்து போனாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. யாரோ ஒருவர் தனக்காக முடிவு செய்துவிட்டார்கள் என்ற நிம்மதியே போதுமாக இருந்தது. அன்றே போய் மரப்பிடியை வாங்கிவிட்டார்.

தீக்ஷா அதை எட்ட நின்றே பார்த்தாள். "அப்பா, இட்ஸ் த சேம் திங். இது ஃபர்னிச்சர் மாதிரி இருக்கு, அவ்வளவுதான்."

அவர் அதை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். படுக்கப்போகும் முன் பூட்டை இழுத்துப் பார்ப்பது புதுப் பழக்கமாயிற்று. சுடும் பயிற்சிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்த விதிகளில் ஒன்றை வேதமாகப் பிடித்துக்கொண்டார்: குழாயின் வாய்க்கு எதிரே ஒருபோதும் வராதே. குண்டு இல்லை என்று தெரிந்தாலும் அந்த வாயை அவர் நேராகப் பார்த்ததே கிடையாது. பாம்பின் முகத்தை யார் உற்றுப் பார்ப்பார்கள்?

அக்டோபரில் ஆயுத பூஜை வந்தது. கார், மிக்ஸி, லேப்டாப் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்த வான்மதி, இரும்புப் பெட்டியின் முன்னால் வந்து நின்றாள்.

"ஏங்க, இத்தன வருஷமா லேப்டாப்ப ஆயுதம்னு சொல்லி சாமிய ஏமாத்திட்டு இருந்தோம். இப்ப நெஜ ஆயுதமே வீட்ல இருக்கு. அது மட்டும் பெட்டிக்குள்ளயா? வெளிய எடுங்க."

குண்டு இல்லையென்று திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டு, ஒரு பட்டுத்துணியில் கிடத்தினார். அந்த நேரம் பார்த்து ஆபீசிலிருந்து போன். எங்கேயோ எதுவோ உடைந்துவிட்டது. பேசி முடித்து வந்தபோது மரப்பிடி முழுக்கச் சந்தனம், குங்குமம், முனையில் ஒரு சாமந்திப்பூ. மறுநாள் பூவைப் பிய்த்துப் போட்டார். பிடியையும் குழாயையும் ஈரத்துணியால் துடைத்தார். முனையை மட்டும், வழக்கம்போல் முகத்தைத் திருப்பிக்கொண்டே, தடவிப் பார்த்துத் துடைத்தார். மறுபடி பூட்டினார்.

அந்த வாரக் கடைசியில் நிலத்தில் சோளத்தட்டை சலசலத்தது. வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. முதலில் மூக்கு, பிறகு தோள், பிறகு அதன் பின்னால் இன்னும் பல முதுகுகள். முன்னால் நின்றது நிஜமாகவே பெரிது. இதில் கைச்சரக்கு சேர்க்க எதுவும் இல்லை. கருப்பசாமி துப்பாக்கியைத் தோளில் வைத்தார். வான்மதி அவர் முழங்கையை ஒட்டி நின்றாள்.

"சுடுங்க."

விரல் விசையில் இருந்தது. பன்றி ஓர் அடி முன்னால் வைத்தது. காற்று எதிரிலிருந்து வந்தது. அதில் சேற்று வாடையோடு சந்தன வாசனையும் வந்தது.

நல்லாத் துடைத்தேனே, அவர் நினைத்தார். பிறகு எங்கிருந்து வருகிறது?

"சுடுங்கங்க! பாத்துட்டே நிக்கிறீங்க! வருது, வருது!"

விரல் மடங்கவில்லை. இத்தனை நாள் உத்தியோகத்தில் காரணம் தெரியாத ஒரு சின்ன உறுத்தலை அவர் ஒருமுறைகூடத் தாண்டிப் போனதில்லை. துப்பாக்கியை இறக்கினார். வான்மதி அவர் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். இருவரும் காருக்குள் விழுந்து கதவைச் சாத்தியபோது பின்பக்கம் ஏதோ மோதி வண்டி குலுங்கியது.

"நல்ல காவக்காரர்! கூப்பிட்டு வந்தேன் பாருங்க, என்னச் சொல்லணும்!" அவளுக்கு மூச்சிரைத்தது.

கருப்பசாமி துப்பாக்கியை மடியில் கிடத்தினார். குண்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கையில் எடுத்தார். பிறகு, வாங்கிய நாளிலிருந்து செய்யாததைச் செய்தார். போன் வெளிச்சத்தில் குழாயின் வாயைப் பார்த்தார். கறுப்பாக ஓட்டை தெரியவேண்டிய இடத்தில் மஞ்சளாக இருந்தது. கார்ச்சாவியின் நுனியால் கிளறினார். காய்ந்து இறுகிய சந்தனம் பெயர்ந்தது. அதன் கூடவே, உள்ளே செருகியிருந்த சாமந்திக் காம்பும்.

"இது..."

"பொட்டு வைக்க அங்கதாங்க வட்டமா எடம் இருந்துச்சு," என்றாள் வான்மதி. "பூ நிக்கலன்னு காம்ப உள்ள விட்டு சந்தனத்த அப்பினேன்."

"வழி அடைஞ்சிருந்தா குழாயே வெடிச்சிரும்னு சொல்லிக்குடுத்தாங்க. என் மூஞ்சிக்குப் பக்கத்துல. நீயும் அங்கதான் நின்ன."

அவள் அந்த மஞ்சள் தூளைப் பார்த்தாள். வெளியே பன்றிகள் வண்டியைச் சுற்றி உறுமிக்கொண்டு நடந்தன. ஒன்று அவள் பக்கக் கதவில் முதுகைத் தேய்த்தது. கண்ணாடி லேசாக அதிர்ந்தது. முதன்முறையாக அவள் உதடு நடுங்குவதைக் கருப்பசாமி பார்த்தார். அவருடைய வலது கையை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டாள்.

"நாளைக்கே வேலி போட ஆள் சொல்லிருங்க. அதுவரைக்கும் நான் இங்க வரல."

"சரி."

"வண்டிய எடுங்க."

"கைய விடு வான்மதி. கியர் போடணும்."

அவள் விடவில்லை. அவரும் இரண்டாம் முறை கேட்கவில்லை. பன்றிகள் சோளத்தைத் தின்று முடிக்கும்வரை இருவரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.