பூனைத் தரகர் சம்பந்தம் பேசிய வீடு

அவருக்கும் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் தபால்காரரிலிருந்து பல் டாக்டர் வரை எல்லோருக்கும் அவர் பூனைத் தரகர்தான். பூனை வேண்டும் என்று யாராவது போய் நின்றால் உடனே பூனையைக் காட்டிவிட மாட்டார். முதலில் உங்கள் வீட்டைக் காட்டுங்கள் என்பார். வந்தாலும் உட்கார மாட்டார். திரைச்சீலையை இழுத்துப் பார்ப்பார், பால்கனிக் கம்பிகளுக்கு நடுவே கையை விட்டு அளப்பார், பகலில் வீட்டில் யார் இருப்பீர்கள் என்று குடைவார். அதற்குப் பிறகுதான் எந்த இனம் சரிப்படும் என்று வாயைத் திறப்பார். அப்போதும் அதன் குறைகளைத்தான் முதலில் அடுக்குவார். நல்ல குணத்தைப் பூனையே காட்டிக்கொள்ளும், கெட்டதைச் சொல்லத்தான் ஆள் வேண்டும் என்பது அவர் கட்சி.

"பெர்ஷியன் அழகுதான். ஆனா தினமும் சீவி விடணும். நீங்க உங்க தலையையே சீவலையே!" என்று ஒரு வயலின்காரரிடம் கேட்டவர் அவர். கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிறவர்கள் சியாமீஸ் கேட்டால் கையை விரித்துவிடுவார். "அது வாயாடிங்க. பேச ஆள் இல்லேன்னா நாள் பூரா கத்தும். அப்புறம் பக்கத்து வீட்டுக்காரங்க உங்களோட பேச மாட்டாங்க." மெயின் கூன் ஆள் வாட்டசாட்டம், குரல் மட்டும் குருவிக்குஞ்சு. பெங்காலுக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. தண்ணீர்க் குழாயைக் கண்டால் விளையாடாமல் விடாது. ராக்டாலைத் தூக்கினால் துவைத்த துணியாகக் கையில் தொங்கும். அவ்வளவு சாது, தெருவில் விட்டால் பிழைக்காது. முடியில்லாத ஸ்பிங்க்ஸ் என்றால் வேலை மிச்சம் என்று நினைத்து வருகிறவர்களிடம், "முடிதான் இல்லை. அடிக்கடி குளிப்பாட்டணும், குளிருக்குச் சட்டையும் போடணும். குழந்தை வளர்க்கிற மாதிரிதான்" என்பார். காது மடங்கிய ஸ்காட்டிஷ் ஃபோல்டை மட்டும் அவர் தொடுவதே இல்லை. காதை மடக்குகிற கோளாறுதான் கால் மூட்டுகளையும் பிடிக்கும், நம் கண்ணுக்கு அழகாக இருக்க அது வலியோடு பிறக்க வேண்டுமா என்று சண்டைக்கே வந்துவிடுவார்.

இந்த மனுஷருக்கு ஒரே மகள். லிஃப்ட் பழுது பார்க்கும் ஒரு பையனை விரும்பினாள். பையன் தங்கம். அவனுடைய அம்மாதான் மதில்மேல் பூனை. சலவைக் கடை நடத்தும் அந்த அம்மாள், "பொண்ணோட அப்பா அம்மாவைப் பார்த்துட்டுச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டாள். அம்மா மனசு நோகக் கல்யாணம் வேண்டாம் என்று பையனும் மகளும் பேசி வைத்திருந்தார்கள். ஆக, எல்லாமே அந்த ஒரு மாலைச் சந்திப்பில்தான் இருந்தது.

கிளம்பும்போதே மனைவி எச்சரித்தாள். "ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தைப் பண்ணுன்னு சொல்லுவாங்க. நீங்க பொய்கூடச் சொல்ல வேண்டாம், உண்மையைச் சொல்லாம வாயை மூடிட்டு இருங்க, போதும்."

அவரும் அப்படித்தான் நினைத்துப் போனார். ஆனால் தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பது சும்மாவா? பையன் வீட்டுக் கூடத்தில் கால் வைத்ததும் கை தானாகத் திரைச்சீலைக்குப் போனது. ஜன்னல் தாழ்ப்பாளை ஆட்டிப் பார்த்தார். மனைவி கிள்ளியதையும் பொருட்படுத்தாமல், "பகல்ல வீட்டில யாருங்க இருப்பீங்க? சத்தம் போட்டுப் பேசுவீங்களா?" என்று கேட்டே விட்டார். மகள் முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள்.

பையனின் அம்மா தேநீர்த் தட்டை மேசைமேல் வைத்தாள். "நீங்க பூனை குடுக்க வந்தீங்களா, பொண்ணு குடுக்க வந்தீங்களா?"

யாரும் சிரிக்கவில்லை.

"சரி, நானும் கேட்டுடறேன். உங்க பொண்ணு எப்படி?"

கேள்வி அவருக்கு ரொம்பப் பழக்கமானது. பதிலும் பழக்கப்படியே வந்தது. "காலையில எழுப்பினா கடிக்க வருவா. கோவம் வந்தா பேச மாட்டா, கதவைத்தான் அறைவா. அடுப்புல பாலை வெச்சுட்டு போனைப் பார்ப்பா. எங்க வீட்ல அடிபிடிக்காத பாத்திரமே கிடையாது."

"அப்பா!" என்றாள் மகள். மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். நுணலும் தன் வாயால் கெடும், இவர் மகளையும் சேர்த்துக் கெடுத்துவிட்டார் என்று அவளுக்குத் தோன்றியது.

அவர் நிறுத்தவில்லை. பூனையைக் கொடுத்துவிட்டுக் கிளம்பும்போது ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒன்று சொல்வார். அதுவும் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. "என்னைக்காவது அவளுக்கு இங்க சரிப்படலேன்னா அவளைத் திட்டாதீங்க. எனக்கு ஒரு போன் போடுங்க. எந்த நேரமானாலும் நானே வந்து கூட்டிட்டுப் போயிடறேன்."

சம்பந்தம் பேச வந்த இடத்தில் பேசுகிற பேச்சா இது? பையன் அம்மாவைப் பார்த்தான். அவள் தேநீர்க் கோப்பையை எடுத்து, குடிக்காமலே திரும்ப வைத்தாள்.

"என்னைக் கட்டிக் குடுத்தப்போ எங்கப்பா, 'இனிமே இங்க வந்து நிக்காதே'ன்னார்" என்றாள். "நானும் போய் நிக்கலை. நிக்கணும்னு தோணின நாள் நிறைய இருந்தது."

பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, மகனை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கைபேசியை எடுத்தாள். "உங்க நம்பரைச் சொல்லுங்க. இவன் அவளை அழ வெச்சான்னா நானே கூப்பிடறேன்."

அவர் எண்ணைச் சொன்னார். சந்தோஷத்தில் பாதியில் தடுமாறித் தப்பாகச் சொன்னார். மீதியை மகள்தான் சொல்ல வேண்டியிருந்தது.