கொளஞ்சியம்மாள் முங்கிய கரை

கடலைப் பற்றி எங்கள் தெருவில் யாருக்கு என்ன சந்தேகம் வந்தாலும் கொளஞ்சியம்மாளைத்தான் கேட்பார்கள். உடையார்பாளையத்துப் பக்கம் முந்திரிக்காட்டில் கொட்டை பொறுக்குகிறவளுக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். எங்கே அலை அடிக்காது, எங்கே தாழம்புதர் மறைவில் பெண்கள் சேலை மாற்றலாம், எங்கே மணல் காலை வாரிவிடும், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. வருஷா வருஷம் மாசி மகத்துக்கு எங்களை இழுத்துக்கொண்டு, தரங்கம்பாடிக்குத் தெற்கே பெயர் தெரியாத சின்னச் சின்னக் கரைகளாகத் தேடிப் போவாள். அவள் என் அண்ணன் பெண்டாட்டி. அவளைக் குறை சொல்ல எனக்கு ஆயிரம் உண்டு. குழம்பில் அளவாக உப்புப் போடத் தெரியாது, பிடிவாதக்காரி, பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டாள். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அவளுக்கு இணையாக யாரையும் சொல்லமாட்டேன்.

முதல் தடவை போனது எண்பத்தொன்றில். அதற்கு முன் எங்களுக்குத் தெரிந்த தண்ணீர் ஊர்க்குளம்தான். படித்துறை பெரிய தெருக்காரர்களுக்கு. எங்களுக்கு என்று ஒரு சேற்று மூலை, முழங்கால் நனையும், அவ்வளவுதான். அதிலும் சும்மா இறங்கிவிட முடியாது. படித்துறையில் யாராவது இருந்தால் தள்ளி நின்று, "எறங்கிக்கலாமுங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் காலை வைப்போம். சொம்பில் மொண்டு தலையில் ஊற்றிக்கொள்வதைத்தான் குளியல் என்று நினைத்து வளர்ந்தோம். கொளஞ்சிக்கு அப்போது வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. "சாவறதுக்குள்ள ஒரு தடவயாச்சும் தண்ணிக்குள்ள முங்கி எந்திரிக்கணும்டி பஞ்சவர்ணம்" என்று என்னிடம் சொல்லிக்கொண்டே இருப்பாள். நகை கேட்கவில்லை, பட்டுச்சேலை கேட்கவில்லை. தலை முழுக முங்க வேண்டுமாம்.

அந்த வருஷ மாசி மகத்துக்குப் பெரிய தெருவார் வேன் பிடித்துக் கடலுக்குக் கிளம்பினார்கள். கொளஞ்சி எங்களில் ஏழெட்டுப் பேரைக் கிளப்பி, பஸ் மாறி மாறிக் கொண்டுபோய் இறக்கினாள். கடற்கரையில் திருவிழாக் கூட்டம். நாங்கள் களை பறிக்கப் போகும் வயலுக்குச் சொந்தக்காரர், பெரிய தெரு ராசாங்கமும் அவர் சம்சாரம் புஷ்பவல்லியும் அங்கேதான் நின்றார்கள். கொளஞ்சி அப்படியே நின்றுவிட்டாள்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. "இம்மாந்தூரம் வந்தது வேடிக்கை பாக்கவா அண்ணி? எறங்கு" என்றேன்.

"இங்க வேணாம்டி. பாதியில மேல ஏறி வான்னு கூப்புட்டா என்ன பண்றது? நடங்க, வேற எடம் பாப்போம்."

வெயிலில் கரையோரமாகவே நடந்தோம். ஓரிடத்தில் படகும் வலையும் ஆண்களுமாக இருந்தது. இன்னோரிடத்தில் ஒரே முள். அதற்கப்புறம்தான் அந்தக் கரை வந்தது. மணல்மேடு வளைந்து மறைத்த சின்ன இடம். சுற்றிலும் தாழை. உள்ளே தண்ணீர் எங்கள் குளம் மாதிரி அடங்கிக் கிடந்தது. பார்த்ததும் எனக்கே கண் கலங்கிவிட்டது.

மீன்காரம்மா ஒருத்தி கூடை கழுவிக்கொண்டிருந்தாள். கொளஞ்சி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தள்ளி நின்று, "எறங்கிக்கலாமுங்களா?" என்றாள்.

மீன்காரம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "எதுல?"

"இந்தத் தண்ணியிலதாங்க."

"அத ஏன் என்னைக் கேக்குற?"

"வேற யாரைங்க கேக்கணும்?"

அந்த அம்மாள் கொளஞ்சியை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு கூடையை வைத்துவிட்டு வந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "வா, நானும் வரேன்" என்று தண்ணீருக்குள் நடந்தாள். பின்னாலேயே நாங்களும் இறங்கினோம். இடுப்பளவு வந்தது. கொளஞ்சி கண்ணை மூடி மூச்சை இழுத்துப் பிடித்தாள்.

அந்த நேரம் பார்த்துத்தானா வர வேண்டும்? கூட்டம் தாங்காமல் ஒதுக்கிடம் தேடி ராசாங்கமும் புஷ்பவல்லியும் மணல்மேட்டில் ஏறி வந்தார்கள். நாங்கள் எல்லோரும் பதறியடித்துக் கரையேறிவிட்டோம்.

"ஏ கொளஞ்சி, மேல வா. அம்மா குளிக்கணும்" என்றார் ராசாங்கம்.

கொளஞ்சி இன்னும் முங்கவில்லை. திரும்பி அவரைப் பார்த்தாள். கரையில் நின்ற எங்களைப் பார்த்தாள். ஏறி வந்துவிடுவாள் என்றுதான் நான் நினைத்தேன். நாளைக்கு அவர் வயலுக்குத்தானே போக வேண்டும்?

மீன்காரம்மாவின் கையை விட்டாள். முங்கினாள்.

கொண்டை தெரியவில்லை, சேலை தெரியவில்லை, தண்ணீர் மட்டும்தான் இருந்தது. "அண்ணி" என்று கத்திவிட்டேன். மீன்காரம்மா மட்டும் சும்மா நின்றாள். பிறகு கொளஞ்சி இருமிக்கொண்டு எழுந்தாள் பாருங்கள், கண் சிவந்து, மூக்கெல்லாம் தண்ணீர் ஒழுக, என் அண்ணியை அவ்வளவு அழகாக நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"நெறைய தண்ணி கெடக்குதுங்க" என்றாள் ராசாங்கத்திடம், மூச்சு வாங்கியபடி. "அம்மாவ எறங்கச் சொல்லுங்க."

புஷ்பவல்லி அவரைப் பார்த்தாள், தண்ணீரைப் பார்த்தாள், செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு இறங்கினாள். இடுப்பளவுக்கு வந்ததும் கால் தடுமாற, கொளஞ்சியின் தோளைப் பிடித்துக்கொண்டாள். கொளஞ்சி அவளைத் தாங்கிக்கொண்டே இன்னொரு முறை முங்கப் பார்த்தாள்.

ராசாங்கம் கரையில்தான் நின்றார். நாங்கள் அவரைத் தாண்டி, ஒவ்வொருத்தியாக மறுபடியும் தண்ணீரில் இறங்கினோம்.