என் நடைக்கு அவருக்குப் பொன்னாடை

எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் ஒரே நாளில்தான் சர்க்கரை என்று சொன்னார்கள். திருமங்கலத்திலிருந்து பஸ் ஏறி மதுரைக்குப் போய்ப் பார்த்த டாக்டர், இரண்டு பேரும் தினமும் முக்கால் மணி நேரம் வேகமாக நடக்க வேண்டும் என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் இவர் முந்திக்கொண்டார்.

"இவளுக்கு எதுக்கு டாக்டர் நடை? வீட்ல அம்புட்டு வேலையும் இவதான். அதுக்கு மேல என்ன எக்சர்சைஸ்?"

டாக்டரும் ஆம்பளைதானே! சிரித்துக்கொண்டே அடுத்த ஆளைக் கூப்பிட்டார். எனக்கு அப்போதே பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாளே இவருக்குப் புது ஷூ வந்தது. மகள், அடி எண்ணும் கைக்கடிகாரம் ஒன்றை அப்பாவுக்கு வாங்கி அனுப்பினாள். பள்ளிக்கூட மைதானத்தில் இவரைப் போல ரிடையரான வாத்தியார்கள் சேர்ந்து நடப்பார்கள். யார் எத்தனை அடி என்று தினமும் வாட்ஸப் குரூப்பில் போடுவார்கள். நடந்துவிட்டு வந்து இவர் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்தால், கேழ்வரகு தோசையை நான் கொண்டுபோய் வைக்க வேண்டும். நானும் சாப்பாட்டுக்கு முந்திய மாத்திரையைப் போட்டிருப்பேன். ஆனால் அதற்குள் குழாயில் தண்ணீர் வந்துவிடும், வேலைக்குப் போகிற மகனுக்கு டிபன் கட்ட வேண்டும். பத்தரை மணிக்குத் தலை சுற்றும். முந்தின நாள் சோற்றையும், மகன் தட்டில் மிச்சம் வைத்ததையும் அள்ளிப் போட்டுக்கொள்வேன். நான் என்ன குப்பைத்தொட்டியா?

ஒரு வருஷத்தில் இவருக்குச் சர்க்கரை இறங்கியது. எனக்கு ஏறியது.

"இன்னும் மூணு மாசம் பாப்போம்மா. இறங்கலேன்னா ஊசிதான்," என்றார் டாக்டர்.

ஊசி என்றாலே எனக்கு உயிர் போய்விடும். காலையில் முக்கால் மணி நேரம் நடந்துவிட்டு வருகிறேன் என்று இவரிடம் அனுமதி கேட்டேன். என் உடம்புக்கு இவரிடம் அனுமதி!

"நீ போயிட்டா டீக்கு என்ன பண்றது? வீட்டு வேலையே எக்சர்சைஸ்தான?"

ஐப்பசி மழையில் மைதானம் சேறாகிவிட்டது. இவர் ஒரு வாரம் வெளியே போகவில்லை. முதல் நாள் காலையில் அடுப்படிக்கு வந்து, மாவு ஒட்டியிருந்த என் கையைத் துடைத்துவிட்டு, அந்தக் கடிகாரத்தைக் கட்டினார். எனக்கே தருகிறார் என்று ஒரு நிமிஷம் மனசு குளிர்ந்துபோனது. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

"நீ பாட்டுக்கு வேலையப் பாரு. சாயங்காலம் வாங்கிக்கிறேன். குரூப்ல நம்ம பேரு விட்டுப்போயிரக் கூடாதுல்ல!"

ஏழு நாளும் கூட்டினேன், துடைத்தேன், மொட்டை மாடிக்குத் துணியைத் தூக்கிப்போய்க் காயப்போட்டு, மழை வந்ததும் ஓடிப்போய் எடுத்தேன். சாயங்காலமானால் இவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே கடிகாரத்தைப் படம் பிடித்து அனுப்புவார். "அண்ணே, மழையிலயும் பின்றீங்களே!" என்று ஒருத்தர் பேசி அனுப்பியதை எனக்கே போட்டுக் காட்டினார். கொஞ்சமாவது கூச்சம் வேண்டாமா?

அந்த மாதம் அதிக அடி நடந்தவர் என்று மைதானத்தில் இவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அதை வீட்டுக்குக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினார்.

"பத்திரமா மடிச்சு பீரோவுல வையி."

நான் மடிக்கவில்லை. என் பரிசோதனைக்கு இன்னும் ஆறு வாரம்தான் இருந்தது. மறுநாள் காலை ஐந்தரை மணிக்கு, பனிக்கு அந்தப் பொன்னாடையையே போர்த்திக்கொண்டு செருப்பை மாட்டினேன். இவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார்.

"எங்க கெளம்பிட்ட? டீ?"

மேஜையில் கிடந்த கடிகாரத்தை எடுத்து அவர் கையில் கட்டிவிட்டேன்.

"டீ, தோசை, பாத்திரம், வாசல், அம்புட்டும் கெடக்கு. அதுக்கு மேல ஒங்களுக்கு என்ன எக்சர்சைஸ் வேணும்? நான் நடந்துட்டு வாரேன்."