காற்று வரும் ஓட்டைகள்

குறிஞ்சாக்கேணியில் என் மூத்த சகோதரி ராத்தாவுக்குக் கிடைத்த வீடமைப்புத் திட்ட வீட்டில், மின்விசிறி தேவைப்படாதபடி கதிரையில் உட்காரும் உயரத்தில் ஓட்டைக் கற்கள் வைத்துக் கட்டியிருந்தார்கள். களப்புக் காற்று தாராளமாக வந்தது. ஒழுங்கையில் போகிறவர்களின் பார்வையும் வந்தது. சொந்த வீட்டுக்குள்ளும் முக்காட்டோடு இருந்து அலுத்துப்போன ராத்தா, ஓட்டைகளில் பழஞ்சாக்கை அடைத்துவிட்டார். வீடு ரொட்டி சுடும் போறணையாய்க் கொதித்தது.

திட்டத்திலிருந்து பார்க்க வந்த பொறியியலாளர், “அடைச்சால் காத்து எப்பிடி வரும், அக்கா?” என்றார்.

“காத்து வரட்டும் தம்பி. கண் வர ஏலாது.”

அவர் ஒரு ஓட்டையின் சாக்கை இழுத்துவிட்டு, ஒழுங்கையில் குந்திப் பார்த்தார். உள்ளே படுக்கிற பாய்வரை தெரிந்தது. பிறகு, சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளி, காற்று சுற்றி வர இடம் விட்டுக் தென்னோலைக் கிடுகு வேலி போட்டுக் கொடுத்தார்.

சாக்கை உருவிய பிறகு போனேன். ராத்தா முக்காடில்லாமல் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார். காற்றில் கலைந்த முடியெல்லாம் நரை. அவருக்கு வயது போனதை அன்றுதான் கண்டேன்.