குழியானைக்கு எறும்பு போட்டவர்

எட்டாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். முதுகுளத்தூரில் மிளகாய் மூட்டைகளை அடுக்கிவைக்கச் சொந்தமாகக் கிட்டங்கி கட்டினேன். என்னை ஏமாற்றிய வியாபாரியை அதே தெருவில் கடையை மூட வைத்தேன். பழிவாங்குவதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்றிருந்தேன், அந்தக் காவலாளி வேலைக்கு வரும்வரை.

ஒல்லியான ஆள், வலது கண் பாதி மூடியே இருக்கும். மழை படாத தாழ்வாரத்து மணலில் குழியானைப் பூச்சிகள் புனல் போலக் குழி பறித்திருந்தன. அவர் தினமும் அங்கே குந்தி, எறும்புகளை ஒவ்வொன்றாக உள்ளே போடுவார். மேலே ஏறும் எறும்பைப் பூச்சி மணல் வீசிச் சரிக்கும். இடுக்கித் தாடையால் பிடித்து உறிஞ்சிவிட்டு, சக்கையை வெளியே எறியும். அவருடைய ஆடு ஈன்ற குட்டியை எறும்புகள் மொய்த்துக் கடித்தே கொன்றிருந்தன.

தாழ்வாரத்துக்குச் சிமெண்ட் பூச நான் கொத்தனாரோடு போனபோது, மணலை மறித்து நின்றார்.

"ஏப்பா, மருந்து வாங்கித் தாரேன். ஒரே நாள்ல புத்தே காலியாயிரும்."

"மருந்து சடக்குன்னு கொன்னுரும் மொதலாளி. நான் வாரவரைக்கும் என் குட்டி கத்திக்கிட்டே கெடந்துச்சாம்."

"அப்ப நான் தளம் போட வேணாமா?"

"போடுங்க. நான் வேற மணல் பாத்துப் போறேன்."

யாருக்கும் இறங்கிப் போகாதவன், கொத்தனாரைத் திருப்பி அனுப்பினேன். காவலாளி ஓர் எறும்பை என் உள்ளங்கையில் வைத்தார்.

"நீங்களும் ஒண்ணு போடுங்க."

போட்டேன். அது மணலுக்குள் இழுபட்டு மறையும்வரை எழுந்திருக்க மனம் வரவில்லை. அந்த எறும்பு எனக்கு என்ன கெடுதல் செய்தது என்று இன்றுவரை விளங்கவில்லை.