மோரி சாரின் கழுத்து

சட்டைப் பொத்தான்தான் முதலில் காட்டிக்கொடுத்தது. மோரி சார் கும்மிடிப்பூண்டியில் ஒரு ஜப்பான் கம்பெனியில் இன்ஜினியர். நான் அவருக்கு டிரைவர். ஒரு காலையில் பொத்தான் போடாமலே வண்டியில் ஏறினார். "விரல் சொன்னா கேக்கல தனா" என்றார். ஆறு வருடமாக என்னோடு பேசிப் பேசியே கற்ற தமிழ் அது.

எனக்குத் தெரிந்த ஆஸ்பத்திரி திருவள்ளூரில்தான் இருக்கிறது. அங்கே அழைத்துப் போனேன்.

"எப்பவாவது கீழ விழுந்திருக்கீங்களா? கழுத்துல அடிபட்டுச்சா?" என்று டாக்டரம்மா இரண்டு முறை கேட்டார். இரண்டு முறையும் இல்லை என்றார் சார். ஸ்பாண்டிலோசிஸ் (கழுத்தெலும்புத் தேய்மானம்) என்றும், மறுநாளிலிருந்து டிராக்‌ஷன் (எடை கட்டிக் கழுத்தை இழுத்து வைப்பது) என்றும் எழுதிக்கொடுத்தார்கள்.

திரும்பும் வழியில் சார் போனில் ஒரு படம் காட்டினார். மொட்டைத் தலை, கறுப்பு ஜட்டி, பதினெட்டு வயசு.

"யாரு சார் இது?"

"நான்தான். குஸ்தி. டிக்கெட் போட்டு நடத்துற குஸ்தி."

வீட்டில் சண்டை போட்டு ஓடிப்போய்ச் சேர்ந்தாராம். சீனியர்களுக்குச் சோறாக்கி, துணி துவைத்து, மேடையைக் கூட்ட வேண்டும். முதல் வருடம் சண்டையே கிடையாது. விழ மட்டும் பழக்கினார்களாம், காலையில் நூறு தடவை, சாயங்காலம் நூறு தடவை.

"நாலு வருஷத்துல ஒரே ஒரு மேட்ச் ஜெயிச்சிக்கிறேன்" என்றார், அப்படி ஒரு பெருமையோடு.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வண்டியை ஓரம் கட்டினேன். "இன்னா சார் நீ! விழவே இல்லன்னு டாக்டராண்ட சொல்ட்டு வந்துக்கிற?"

"அது விழறது இல்ல தனா. அது வேலை."

கோபம் கோபமாக வந்தது. ஆனால் அவரை என்னவென்று திட்டுவது? டிரைவராகும் முன் எட்டு வருடம் ஆலையில் கம்பி தூக்கியவன் நான். என் முதுகுவலிக்கு இதே டாக்டரம்மா "பாரம் தூக்கினீங்களா" என்று கேட்டபோது, நானும் இல்லை என்றுதானே சொன்னேன்.

வண்டியைத் திருப்பினேன். நான் சொன்னதைக் கேட்டதும் டாக்டரம்மா எழுதிய சீட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டார். ஸ்கேனில் பார்த்தால், ஓர் எலும்பு நழுவித் தண்டுவடத்தை (மூளையிலிருந்து முதுகுக்குள் இறங்கும் நரம்புக்கற்றை) நெரித்துக்கொண்டிருந்தது. "நாளைக்கு இழுத்திருந்தா கை கால் போயிருக்கலாம்" என்றார்.

இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். டாக்டர் கேட்காவிட்டாலும், பிழைப்புக்காக உங்கள் உடம்பு என்னென்ன செய்தது என்று சொல்லிவிடுங்கள்.

சென்னையில் ஆபரேஷன் நடந்தது. எலும்புகளைத் திருகு போட்டுப் பிணைத்தார்கள். மூன்றாம் வாரம் சார் என் தோளைப் பிடித்துப் படியிறங்கினார். இனி விழவே கூடாது என்பது டாக்டரின் கட்டளை. "எனக்கு பயமாக்கீது தனா" என்றார். அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை. பன்னிரண்டு படிக்குக் கால் மணி நேரம் ஆனது. ரோட்டில் ஹாரனிலிருந்து கையை எடுக்காத நான் ஒவ்வொரு படியாகக் கூடவே இறங்கினேன்.

இப்போது வேலைக்கு வருகிறார். விரல்கள் தேறிவிட்டன. கழுத்து மட்டும் இனி திரும்பாது. வண்டியில் நான் ஏதாவது சொன்னால், பக்கத்து சீட்டில் நகர்ந்து, தோள், மார்பு, முட்டி என்று மொத்த உடம்பையும் என் பக்கம் திருப்பி, அதற்கப்புறம்தான் "இன்னா தனா?" என்கிறார். என் வாழ்க்கையில் யாரும் எனக்காக அவ்வளவு தூரம் திரும்பியதில்லை.