லாரிக்காக நிறுத்திய பேச்சு

என் மகளுக்கு என்ன வேலை என்று தெருவில் யாராவது கேட்டால் எனக்கு ஒரே வார்த்தையில் சொல்ல வராது. முதலில் ஒரு கல்லூரியில், படம் காட்டிப் பாடம் நடத்துவது எப்படி என்று வாத்தியார்களுக்கே சொல்லிக் கொடுத்தாள். பிறகு ரேடியோவுக்குப் பாடம் எழுதினாள். அப்புறம் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்க்கிற சிடியில் பாடம் செய்தாள். நடுவில், பிள்ளைகள் படத்தைப் பார்த்து எவ்வளவு புரிந்துகொள்கிறார்கள் என்று ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கினாள். டாக்டர் என்றதும் பக்கத்து வீட்டுக்காரி முழங்கால் வலிக்கு மாத்திரை கேட்டு வந்துவிட்டாள்.

எந்த இடத்திலும் அவள் நிலைக்கவில்லை என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். மேலே இருப்பவரோடு ஒத்துப்போகாமல்தான் ஒவ்வொரு இடத்தையும் விட்டாள். கடைசியாக ஒரு பல்கலைக்கழகத்தில், போனில் எழுத்தைக் காட்டி, குரலில் சொல்லிப் படிக்க வைக்கிற பிரிவுக்குத் தலைவியாக இருந்தாள். அங்கே வந்த தகராறு மட்டும் என்னால் வந்தது.

அந்தப் பாடம் காசிமேட்டில் இறால் உரிக்கும் பெண்களுக்காக. முதலில் ஒரு அறிவிப்பாளர் பேசியதைப் போட்டுக் காட்டினாளாம். நியூஸ் படிக்கிற மாதிரி இருக்கிறது என்று போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அவர்கள் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். வீட்டுக்கு வந்தவள் என்னைப் பேசச் சொன்னாள்.

நான் அஞ்சாவதோடு நின்றவள். புது ஆள் வந்தால் அடுப்படிக்குள் போய்விடுவேன். யாரும் என் முகத்தைப் பார்க்கப் போவதில்லை என்று அவள் சொன்னதால்தான் ஒப்புக்கொண்டேன்.

"பஸ்ஸு நெத்தியில எண்ணூர்னு எய்தி கீதே, அதுல மொத எயுத்து இது. நல்லா பாத்துக்க" என்று வாயில் வந்தபடி பேசினேன்.

எங்கள் வீடு திருவொற்றியூரில், நெடுஞ்சாலையை ஒட்டி. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வாசலை உரசிக்கொண்டு போகும். அதனால் இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. லாரி வந்தால் பேச்சை அப்படியே நிறுத்திவிடுவோம். போனதும் விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொள்வோம். கல்யாணம் பேசும்போதும் அப்படித்தான், குழாயடிச் சண்டையிலும் அப்படித்தான். கையை ஓங்கியவள் லாரி போகும்வரை ஓங்கியபடியே நிற்பாள். பாடம் பேசும்போதும் நான் நிறுத்தி நிறுத்தித்தான் பேசினேன்.

மகள் கம்ப்யூட்டரில் லாரிச் சத்தத்தை எடுத்துவிட்டாள். அந்த வெறும் இடங்களை வெட்டி ஒட்ட மறந்து, அப்படியே காசிமேட்டுக்குக் கொண்டுபோய்விட்டாள். நான் நிறுத்துகிற இடத்திலெல்லாம் அந்தப் பெண்கள் எழுத்தைத் திருப்பிச் சொன்னார்களாம். போன் கெட்டுவிட்டது போல என்று இவள் அதைத் தட்டப் போனபோது ஒரு பெண் அதட்டியிருக்கிறாள்: "சும்மா இரு மே. நாம சொல்றதுக்கோசரம் அந்தம்மா நிக்கிது."

அன்று மகள் வீட்டுக்கு வந்து சிரித்ததைப் போல அவள் சிரித்து நான் பார்த்ததில்லை.

பல்கலைக்கழகக் குழுவும் அந்தப் பாடத்தைக் கேட்டது. நிறுத்தி நிறுத்திப் பேசுவது பிரமாதம் என்றார்கள். நான் பேசுகிற இந்தப் பேச்சுதான் வேண்டாம் என்றார்கள். மகள் மறுத்தாள். குழுவின் தலைவரே என்னைப் பார்க்க வீட்டுக்கு வந்தார். மரியாதையான மனிதர். செருப்பை வெளியிலேயே விட்டுவிட்டு வந்து உட்கார்ந்து, அடுப்படிக்குள் நின்ற என்னைப் பார்த்துப் பேசினார்.

"அம்மா, உங்க குரல் ரொம்ப நல்லா இருக்கு. இந்தக் 'கீது'வை மட்டும் மாத்திட்டா போதும். படிக்காத ஜனங்களுக்கு நல்ல தமிழ்தானே போய்ச் சேரணும்?"

இல்லையென்றால் பிரிவை வேறு ஒருவரிடம் கொடுக்க வேண்டியிருக்கும் என்பதையும் மெதுவாக என் மகளிடம் சொன்னார். அவள் முகம் சுண்டிப்போனது. அந்தப் பிரிவை இடம் கேட்டு, ஆள் கேட்டு, ஒன்றுமில்லாததிலிருந்து உண்டாக்கியவள் அவள். பதில் சொல்ல அவள் வாயெடுப்பதற்குள் நான் அடுப்படியிலிருந்து வந்துவிட்டேன். முந்தானையைப் பிடித்துக்கொண்டேன்.

"எனக்கு அப்டி பேசத் தெர்லன்னு சொல்ல மாட்டேன் சார். எய்தும்போது அப்டிதான் எய்தறேன். வாயத் தொறந்தா இதான் வரும். அதுங்க பதில் சொன்னது இந்தப் பேச்சுக்கு. வேணும்னா முழுசா வெச்சிக்கோங்க, இல்லாங்காட்டி முழுசா அழிச்சிடுங்க. பாதிய மட்டும் எட்த்துகினு போவாதீங்க."

அவர் என் மகளைப் பார்த்தார். அவள், "அம்மா சொன்னதுதான் சார்" என்றாள்.

பிரிவு கைமாறியது. அறிவிப்பாளரே நிறுத்தி நிறுத்திப் பேசுகிற பாடம் ஒன்று வந்தது. அதில் தன் பேர் வேண்டாமென்று மகள் சொல்லிவிட்டாள். இப்போது அதே கட்டடத்தில் வெறும் வகுப்பு எடுக்கிறாள். என் பாடத்தை அவர்கள் வேண்டாமென்றதால் அதை அந்தப் பெண்களின் போனிலேயே ஏற்றிக் கொடுத்தாள். அது ஒரு போனிலிருந்து இன்னொரு போனுக்குத் தாவி எண்ணூர், மாத்தூர் வரை போயிருக்கிறது. மீதி எழுத்துகளையும் பேசிக்கொண்டிருக்கிறேன். முதலில் பேசியதில் ஒரு வார்த்தையைக்கூட மாற்றவில்லை.

போன வாரம் வந்த என் நாத்தனார், பொண்ணு பதவி போனது உன்னால்தான் என்றாள். ஆமாம், என்னால்தான் என்றேன். அவள் காபியை எடுத்துக் குடித்தாள்.